மருத்துவப் பணிக்கு ஸ்பானிஷ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோயாளிகளில் பாதிப் பேர் ஸ்பானிஷ் பேசும் ஒரு வார்டில் செவிலியராக வேலை பார்த்துக்கொண்டே இந்த மொழியைக் கற்றேன். அதன்பிறகு இதே கேள்விகளை வேறு வேறு ஆட்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஸ்பானிஷ் சொற்களைக் காதில் விழும்படி தமிழில் எழுதியிருக்கிறேன். உச்சரிப்புக்கு இதை நம்பாமல் ஒருமுறை ஒலிப்பதிவையும் கேட்டுவிடுங்கள்.

மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் இருக்கும்போது நாம் ஏன் கற்க வேண்டும்?

மொழிபெயர்ப்பாளர் டாக்டர் வரும் நேரத்துக்கு வருவார். இரவு மூன்று மணிக்கு நோயாளி "ஆகுவா" என்று முனகும்போது வரமாட்டார். அவர் கேட்பது தண்ணீர். அதற்குப் போன் போட்டு ஆளைப் பிடிக்க முடியாது. வார்டில் ஒரு நாளில் பேசுவதில் பெரும்பகுதி இப்படிச் சின்னச் சின்ன வாக்கியங்கள்தான். திரும்பிப் படுங்கள், ஊசி போடப்போகிறேன், சிறுநீர் போனதா, மகள் வந்துவிட்டாள்.

இன்னொரு காரணமும் உண்டு. அரைகுறையாகவாவது புரிந்தால்தான், மொழிபெயர்ப்பில் ஏதோ விட்டுப்போகிறது என்று சந்தேகம் வரும். நோயாளி ஒரு நிமிடம் பேசி, உங்களிடம் "வலி இருக்கிறதாம்" என்று மட்டும் வந்தால், மிச்சம் எங்கே போனது என்று கேட்கத் தோன்றும்.

ஸ்பானிஷைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் உலகில் ஏறத்தாழ 50 கோடிப் பேர். அமெரிக்காவில் மட்டும் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் 4 கோடிக்கு மேல்.

முதலில் பொது ஸ்பானிஷா, நேராக மருத்துவ ஸ்பானிஷா?

பொது ஸ்பானிஷ்தான், குறைந்தது மூன்று நான்கு மாதம். "மருத்துவ ஸ்பானிஷ்" என்ற பெயரில் கிடைக்கும் பல பாடங்கள் வெறும் சொற்பட்டியல். மருத்துவச் சொற்கள் உண்மையில் இருப்பதிலேயே எளிதான பகுதி. கிரேக்கமும் இலத்தீனும்தான் மூலம் என்பதால் எபாதீதிஸ், காஸ்திரீதிஸ், தியாபேதெஸ் எல்லாம் கேட்டவுடனே தெரிந்துவிடும். நியூமோனியாவில் நாம் சொல்லாத 'ப்'பை அவர்கள் எழுதுவதும் இல்லை, "நெயுமோனீயா" அவ்வளவுதான்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. நோயாளி "காஸ்திரீதிஸ்" என்று சொல்லமாட்டார். "சாப்பிட்டதும் நெஞ்சுக்குழியில் ஏதோ எரிகிற மாதிரி, முந்தாநாள் ராத்திரியிலிருந்து, ஆனால் படுத்தால் அதிகம்" என்பார். அதைப் பிடிக்க காலம் காட்டும் வினைகளும் "முந்தாநாள்", "ஆனால்", "படுத்தால்" போன்ற சாதாரணச் சொற்களும் வேண்டும். உறுப்புகளின் பெயர் இருநூறு தெரிந்தும் இவை தெரியாமல் விழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் அந்த வரிசையில் நின்றவள்தான்.

தமிழ் தெரிந்தவருக்கு ஸ்பானிஷ் எளிதா?

சில இடங்களில் ஆங்கிலேயரைவிட எளிது. ஆனால் நம்மில் பலர் ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போய், கிடைக்கிற லாபத்தைத் தொலைத்துவிடுகிறோம்.

"மெ துவெலெ லா கபேசா" என்ற வாக்கியத்தைப் பாருங்கள். மெ என்றால் எனக்கு. துவெலெ என்றால் வலிக்கிறது. லா கபேசா, தலை. "எனக்குத் தலை வலிக்கிறது". இரண்டு மொழியிலும் வலிப்பது தலை, வலி எனக்கு. "என் தலை" என்று சொல்லும் பழக்கமும் இரண்டிலும் இல்லை. ஆங்கிலம் பேசுபவர்கள் இந்த அமைப்பைப் பழக வாரக்கணக்கில் திணறுவார்கள். நாம் பிறந்ததிலிருந்தே இப்படித்தான் பேசுகிறோம்.

இதே அச்சில் இன்னும் பல வரும். "மெ பீகா", எனக்கு அரிக்கிறது. "மெ ஃபால்தா எல் அயிரெ", எனக்குக் காற்று போதவில்லை, அதாவது மூச்சுத்திணறல். எனக்கு மிகவும் பிடித்தது "செ மெ ஒல்பிதோ லா பஸ்தீயா". நான் மாத்திரையை மறந்தேன் என்பதல்ல அது, "எனக்கு மறந்துபோச்சு". மறதி தானாக வந்து நடந்துவிட்டது என்ற தொனி. ஆங்கிலத்தில் யோசிக்கும் ஒரு டாக்டர் இதைச் சாக்குப்போக்கு என்று எடுத்துக்கொண்டதை நேரில் பார்த்தேன். தமிழில் யோசிக்கிறவருக்கு அப்படித் தோன்றவே தோன்றாது.

வினைச்சொல்லின் முடிவே யார் என்று சொல்லிவிடுவதால் 'நான்', 'நீங்கள்' போன்றவற்றை விட்டுவிடுவதும் இரு மொழிக்கும் பொது. ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. மரியாதையான 'நீங்கள்', 'அவன்', 'அவள்' மூன்றுக்கும் ஸ்பானிஷில் வினை ஒன்றுதான். குழந்தையோடு வந்த தாயிடம் "தோமா மெதிசீனாஸ்?" என்று கேட்டால், மருந்து சாப்பிடுவது நீங்களா, குழந்தையா என்று அவருக்கே குழப்பம் வரும். இந்த இடத்தில் "உஸ்தேத்" (நீங்கள்) என்றோ "எல் நீஞோ" (குழந்தை) என்றோ தெளிவாகச் சேர்த்துக் கேளுங்கள்.

நமக்குக் கஷ்டம் தருவது ஆண்பால், பெண்பால். தமிழில் உயிரில்லாத பொருளுக்கு அந்தத் தொல்லையே கிடையாது. ஸ்பானிஷில் கை பெண்பால் (லா மானோ), அறிகுறி ஆண்பால் (எல் சீந்தோமா). பெரும்பாலும் தவறினாலும் புரிந்துகொள்வார்கள். சிலவற்றில் பொருளே மாறிவிடும். எல் கோலெரா என்றால் காலரா, லா கோலெரா என்றால் கோபம். எல் கோமா நினைவிழந்த நிலை, லா கோமா வெறும் காற்புள்ளி.

உச்சரிப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

தமிழைப் போலவே எழுத்தைப் பார்த்தால் பெரும்பாலும் படித்துவிடலாம். எழுத்தில் இருக்கும் 'ஹெச்' ஒலிக்காது, அதனால் மருத்துவமனை "ஒஸ்பிதால்", கல்லீரல் "ஈகதோ". நாம் 'ஜே' என்று படிக்கும் எழுத்து தொண்டையிலிருந்து வரும் 'ஹ'. ர, ற வேறுபாட்டைப் பேச்சில் நாம் கைவிட்டுவிட்டோம், ஸ்பானிஷ் கைவிடவில்லை. "செரோ" என்றால் பூஜ்யம், ரகரத்தை உருட்டி "செறோ" என்றால் குன்று. வலியை அளக்கச் சொல்லும்போது குன்றிலிருந்து பத்து வரை என்று சொல்லிவிடாதீர்கள்.

நெடில், குறில் கணக்கு அங்கே இல்லை. அதற்குப் பதில் அழுத்தம். "தோமோ" என்று முதல் அசையை அழுத்தினால் "சாப்பிடுகிறேன்". "தொமோ" என்று கடைசியை அழுத்தினால் "சாப்பிட்டார்" அல்லது "சாப்பிட்டீர்கள்". நோயாளி மாத்திரையைத் தினமும் எடுக்கிறாரா, ஒருமுறை எடுத்து விட்டுவிட்டாரா என்பது அந்த அழுத்தத்தில் இருக்கிறது.

அப்புறம், ஞகரம். வயதைக் கேட்கும் வாக்கியம் "குவாந்தோஸ் அஞோஸ் தியெனெ?" ஞகரத்தை னகரமாக்கிவிட்டால், உங்களுக்கு எத்தனை ஆசனவாய் என்று கேட்டதாகிவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு முதியவரிடம் இதைக் கேட்டேன். அவர் மகளைப் பார்த்தார், மகள் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு அவர் மிகுந்த மரியாதையோடு "ஒன்று" என்றார்.

நீ, நீங்கள் எப்படி?

நீ என்பதற்கு "தூ", நீங்கள் என்பதற்கு "உஸ்தேத்". பெரியவர்களிடம் உஸ்தேத் மட்டும். சந்தேகம் வந்தாலும் உஸ்தேத். குழந்தைகளிடம் தூ. அர்ஜென்டினா, உருகுவே, மத்திய அமெரிக்காவின் பல பகுதிகளில் தூவுக்குப் பதில் "போஸ்" கேட்கும், புரிந்துகொண்டால் போதும். கொலம்பியாவின் சில பகுதிகளில் வீட்டுக்குள்ளேயே உஸ்தேத் ஓடும், அது கோபம் அல்ல.

முதல் நாளே தேவைப்படும் வாக்கியங்கள் எவை?

"தோந்தெ லெ துவெலெ?" எங்கே வலிக்கிறது. "தெஸ்தெ குவாந்தோ?" எப்போதிலிருந்து. "தெல் செரோ அல் தியெஸ்", பூஜ்யத்திலிருந்து பத்துக்குள். "எஸ் அலெர்ஹிகோ ஆ அல்கூனா மெதிசீனா?" ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா (பெண்ணாக இருந்தால் அலெர்ஹிகா). "ரெஸ்பீரெ ஓந்தோ", ஆழமாக மூச்சு விடுங்கள். "லெ போய் ஆ தொமார் லா பிரெசியோன்", பிரஷர் பார்க்கப்போகிறேன்.

இந்தக் கடைசி வாக்கியத்தின் "லெ போய் ஆ" என்ற தொடக்கத்தை மனப்பாடமே செய்துவிடுங்கள். "உங்களுக்கு இதைச் செய்யப்போகிறேன்" என்று தொடும் முன்பே சொல்ல அது உதவும். தன்னை என்ன செய்யப்போகிறார்கள் என்று தெரியாமல் படுத்திருப்பவருக்கு அந்த மூன்று சொல்லும் பெரிய ஆறுதல்.

கேள்வி கேட்டுவிடுகிறேன், ஆனால் பதில் புரிவதில்லை. என்ன செய்வது?

எல்லாருக்கும் இதே கதைதான். அழகாகக் கேட்டால் எதிரில் இருப்பவர் உங்களுக்கு மொழி தெரியும் என்று நம்பி, நிமிடத்துக்கு இருநூறு சொல் வேகத்தில் ஆரம்பித்துவிடுவார். அதனால் கேள்வியை ஆம், இல்லை, எண், விரல்காட்டல் இவற்றில் பதில் வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள். "எப்படி இருக்கிறது?" என்று திறந்துவிடாமல் "இன்று அதிகமா, குறைவா?" என்று கேளுங்கள். "மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபபோர்" (கொஞ்சம் மெதுவாக) என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

புரியாமல் தலையாட்டுவதுதான் பெருங்குற்றம். நீங்கள் தலையாட்டினாலும் சரி, அவர் "சி, சி" என்று தலையாட்டினாலும் சரி. அவருக்குப் புரிந்ததா என்று பார்க்க "புரிந்ததா?" என்று கேட்டுப் பயனில்லை. "இந்த மருந்தை வீட்டில் எப்படிச் சாப்பிடுவீர்கள், எனக்குச் சொல்லிக்காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும். "கோமோ பா ஆ தொமார் எஸ்தா மெதிசீனா?" இதற்கு வரும் பதிலில்தான் எல்லாம் வெளியே வரும்.

கேட்கும் பழக்கத்துக்குப் பாடப்புத்தகத்தின் ஒலிப்பதிவு போதாது, அதில் யாரும் இருமுவதில்லை, அழுவதில்லை. வானொலியில் நேயர்கள் போன் போட்டுப் பேசும் நிகழ்ச்சிகளைக் கேளுங்கள். சொல்லின் பின்னே வரும் 'ஈதோ', 'ஈதா'வையும் பழகுங்கள். "தொலோர்சீதோ" என்றால் சின்ன வலி என்று அகராதி சொல்லும். அடக்கமாகப் பேசும் ஒரு பாட்டியின் வாயில் அது பத்துக்கு எட்டாகவும் இருக்கலாம்.

பார்க்க ஒரே மாதிரி இருந்து ஏமாற்றும் சொற்கள்?

"எம்பராசாதா" என்றால் கர்ப்பிணி. ஆங்கிலத்தில் கூச்சப்படுவதைக் குறிக்கும் சொல்போல் இருக்கும், நம்பாதீர்கள். "கொன்ஸ்திபாதோ" ஸ்பெயினில் சளி பிடித்தவர், மலச்சிக்கலுக்குச் சரியான சொல் "எஸ்திரெஞிமியெந்தோ".

இவற்றில் விலை அதிகம் கொடுத்த சொல் "இந்தொக்சிகாதோ". சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் உடம்புக்கு வந்தாலும் கியூபா போன்ற இடங்களில் இதைச் சொல்வார்கள். 1980இல் அமெரிக்காவின் புளோரிடாவில் 18 வயது இளைஞர் ஒருவர் நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்கு வந்தார். குடும்பத்தார் இந்தச் சொல்லைச் சொன்னார்கள், சாப்பாடு கெட்டிருக்கும் என்பது அவர்கள் எண்ணம். மருத்துவர்கள் காதில் அது போதைப்பொருள் என்று விழுந்தது, சிகிச்சையும் அந்த வழியில் போனது. உண்மையில் மூளையில் ரத்தக்கசிவு. கண்டுபிடிப்பதற்குள் இரண்டு கையும் இரண்டு காலும் செயலிழந்துவிட்டன. வழக்கு சுமார் 7.1 கோடி டாலர் இழப்பீட்டில் முடிந்தது. அந்த வார்டில் இருந்த எல்லாருமே அந்தச் சொல் தங்களுக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள்.

எழுத்திலும் ஒரு பொறி உண்டு. ஆங்கிலத்தில் 'ஒருமுறை' என்று மருந்துச் சீட்டில் எழுதும் நான்கெழுத்துச் சொல், அதே எழுத்துகளோடு ஸ்பானிஷில் "ஒன்செ". பொருள், பதினொன்று. தினம் ஒரு மாத்திரை என்பது தினம் பதினொன்று ஆகிவிடும்.

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு ஸ்பானிஷா?

இலக்கணம் ஏறக்குறைய ஒன்று, அன்றாடச் சொற்கள் மாறும். சிலே, எக்வடோரில் "குவாகுவா" என்றால் கைக்குழந்தை. கியூபா, போர்ட்டோ ரிக்கோவில் அது பஸ். காயத்துக்கு ஒட்டும் சின்ன பிளாஸ்திரி ஸ்பெயினில் "திரீதா", லத்தீன் அமெரிக்காவின் பெரும்பகுதியில் "குரீதா". எடுப்பதற்கு ஸ்பெயினில் சாதாரணமாகச் சொல்லும் "கொஹேர்", மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் கெட்ட வார்த்தை. "தொமார்" எங்கும் பத்திரம்.

உங்கள் நோயாளிகள் எங்கிருந்து வருகிறார்களோ அந்தப் பேச்சைப் பழகுங்கள், மற்றவை தானாக வரும். சில சொற்கள் நமக்கு வீட்டுச் சொல் போலவே இருக்கும். "தொலோர் தெ சிந்தூரா" என்றால் இடுப்பு வலி, முதுகின் கீழ்ப்பகுதியைத்தான் சொல்கிறார்கள். "தெங்கோ அசூகார்" என்றால் "எனக்குச் சர்க்கரை இருக்கிறது". நீரிழிவு என்று விளக்கவே வேண்டாம்.

பாடத்தில் இல்லாத நோய்ப்பெயர்கள் வருகின்றனவே?

வரும். "மால் தெ ஓஹோ" கண்ணேறு. "சூஸ்தோ" அதிர்ச்சியில் பயந்துபோனதால் வந்ததாகச் சொல்லப்படும் நோய். "எம்பாச்சோ" வயிற்றில் உணவு ஒட்டிக்கொண்டதாகச் சொல்வது. "அதாகெ தெ நெர்பியோஸ்" அழுகையும் நடுக்கமுமாகத் திடீரென்று வெடிப்பது. இது 2013இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பிலேயே இடம்பெற்றிருக்கிறது.

இந்தப் பெயர்கள் வந்தால் சிரிக்காமல், "அதற்கு என்ன கொடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். எம்பாச்சோவுக்கு மெக்சிகோ வழக்கில் கொடுத்துவந்த "கிரேத்தா", "அசர்கோன்" என்ற பொடிகள் ஈயத்தின் ஆக்சைடுகள். குழந்தைக்கு ஈய நச்சு ஏறியிருப்பது இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலில்தான் தெரியவரலாம். அன்று நீங்கள் முகம் சுளித்திருந்தால் அந்தப் பதில் வராது.

பெயர், எண், அளவு எழுதுவதில் என்ன கவனிக்க வேண்டும்?

பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் இரண்டு. மரியா லோபெஸ் எர்னாந்தெஸ் என்று வந்தால், வழக்கமாக லோபெஸ் தந்தை வழி, எர்னாந்தெஸ் தாய் வழி. கோப்பில் தேட வேண்டியது லோபெஸ். கடைசிப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடினால் ஒரே ஆளுக்கு இரண்டு கோப்பு உருவாகும், ஒவ்வாமைக் குறிப்பு ஒன்றில் இருக்க, மருந்து மற்றொன்றில் எழுதப்படும். பிறந்த தேதியையும் சேர்த்தே சரிபாருங்கள். அதிலும் நாள் முதலில், மாதம் பிறகு.

ஸ்பெயின், அர்ஜென்டினா, சிலேயில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி: 0,5 என்றால் அரை. மெக்சிகோவில் புள்ளி. பழைய மருந்துச் சீட்டைப் படிக்கும்போது இதை மறந்தால் அளவு பத்து மடங்கு தவறலாம்.

எந்த இடத்தில் நிறுத்தி மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட வேண்டும்?

அறுவைச் சிகிச்சை ஒப்புதல், புதிய நோயைச் சொல்லும் தருணம், மருந்து மாற்றம், மனநலம், வீட்டுக்கு அனுப்பும்போது தரும் அறிவுரை. இவற்றில் எதையும் என் ஸ்பானிஷில் நான் செய்வதில்லை. கற்று எட்டு ஆண்டு ஆன பிறகும் இல்லை. சாதாரணமாகப் பேசத் தெரிவது வேறு, பொறுப்பேற்கும்படி பேசுவது வேறு.

அமெரிக்காவில் இது சட்டமும்கூட. 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவும், 2010 மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் 1557ஆம் பிரிவும் அரசு நிதி பெறும் மருத்துவமனைகளைக் கட்டுப்படுத்துகின்றன. தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை நோயாளிக்குச் செலவில்லாமல் தர வேண்டும். அவசரத்தைத் தவிர, கூட வந்த பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்லக்கூடாது. பத்து வயதுப் பெண் தன் அம்மாவின் புற்றுநோயை அம்மாவிடம் சொல்லும் நிலை வரக்கூடாது என்பதற்குச் சட்டமே தேவையில்லை, ஆனாலும் இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர் வந்ததும், அவரைப் பார்க்காமல் நோயாளியைப் பார்த்துப் பேசுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம்.

செயலியை வைத்துச் சமாளிக்கலாமா?

தண்ணீர் வேண்டுமா என்று கேட்க, சரி. மருந்து அளவுக்கு வேண்டாம். முன்னே சொன்ன 1557ஆம் பிரிவின் 2024 விதிகள், முக்கியமான மருத்துவ உரையை இயந்திரம் மொழிபெயர்த்தால் தகுதியுள்ள மனிதர் சரிபார்க்க வேண்டும் என்கின்றன.

எந்தச் சான்றிதழ் வாங்குவது?

எதற்கு என்பதைப் பொறுத்தது. பொது மொழித்திறனுக்கு ஸ்பெயினின் செர்வாந்தெஸ் நிறுவனம் வழங்கும் "தேலெ", ஏ 1 முதல் சி 2 வரை ஆறு நிலை, ஒருமுறை வாங்கினால் காலாவதி இல்லை. "சியேலெ" கணினி வழித் தேர்வு, ஐந்து ஆண்டுதான் செல்லும். ஸ்பெயினில் மருத்துவராகப் பயிற்சி பெற எண்ணுபவர் தேலெ பக்கம் போவது நல்லது. எந்த நிலை வேண்டும் என்பதை அந்த ஆண்டு அரசு அறிவிப்பில் பாருங்கள். அமெரிக்காவில் மருத்துவ மொழிபெயர்ப்பாளராகவே ஆக விரும்பினால் இரண்டு தேசியச் சான்றளிப்பு அமைப்புகள் உண்டு, இரண்டுக்கும் குறைந்தது 40 மணி நேரப் பயிற்சி வேண்டும்.

வார்டு வேலைக்கு மட்டும் என்றால் சான்றிதழுக்காக அலைய வேண்டாம்.

எத்தனை நாள் ஆகும்?

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் ஆங்கிலம் பேசும் அதிகாரிகளுக்கு ஸ்பானிஷ் கற்பிக்க ஒதுக்குவது சுமார் 600 முதல் 750 வகுப்பு மணி. வேலையோடு தினம் ஒரு மணி நேரம் என்றால் இரண்டு ஆண்டு. ஆனால் வலி, மூச்சு, மருந்து, கழிப்பறை என்ற வட்டத்துக்குள் பயமில்லாமல் பேச எனக்கு ஆறு மாதம் பிடித்தது. படிக்கப் பொருள் வேண்டுமென்றால் அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் மெட்லைன்பிளஸ் தளத்தின் ஸ்பானிஷ் பக்கங்கள் இலவசம், எளிய நடையிலும் இருக்கின்றன. ஒரு நோயைப் பற்றி முதலில் ஆங்கிலத்தில் படித்துவிட்டு அதையே ஸ்பானிஷில் படியுங்கள்.

லத்தீன் அமெரிக்காவிலிருந்து வருபவர் எல்லோரும் ஸ்பானிஷ் பேசுவார்களா?

இல்லை. பிரேசில்காரர் பேசுவது போர்ச்சுகீஸ். மெக்சிகோவின் மிஸ்தெக்கோ, குவாத்தமாலாவின் மாம், கிச்சே, ஆண்டிஸ் மலைநாடுகளின் கெச்சுவா என்று பழங்குடி மொழிகள் பல. இவர்களில் சிலருக்கு ஸ்பானிஷும் நம்மைப் போலவே பின்னால் கற்ற மொழி. "சி" என்று மட்டுமே பதில் சொல்லும் நோயாளிக்கு ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிவந்துவிட்டு, வேலை முடிந்தது என்று நாங்கள் இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் அவருடைய தம்பி வந்த பிறகுதான் அவர் மொழி மாம் என்று தெரிந்தது. இப்போது நான் சேர்க்கையின்போதே கேட்கும் முதல் கேள்வி: "கே இதியோமா ஆப்லா என் சு காசா?" உங்கள் வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?